கூப்பிட்டாலும் குரல் கொடுக்காத ஆந்தையை எண்ணுவது எப்படி?

கேள்வி இதுதான்: குளிர்நாட்டுக் காடுகளில் ஆந்தை இருக்கிறதா இல்லையா, எத்தனை இருக்கிறது, கூடுகிறதா குறைகிறதா என்பதையெல்லாம் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? புலிக்கு வைப்பதுபோல் தானியங்கிக் கேமரா வைத்தால் போதாதா?

கேமரா போதாது. புலி நடக்கும் தடம் நமக்குத் தெரியும். காட்டுப் பாதையின் இரு புறமும் கேமராவைக் கட்டிவிட்டு வந்தால் என்றைக்காவது அந்த வழியே அது வரும். வந்ததும் உடம்பு வரியை வைத்து எந்தப் புலி என்றுகூடச் சொல்லிவிடலாம். ஆந்தைக்குத் தடம் கிடையாது. ஐம்பது அறுபது மீட்டர் வளர்ந்த மரத்தில் பாதி உயரத்தில், தண்டோடு ஒட்டி உட்கார்ந்திருக்கும். பகலில் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தாலும் பாசி பிடித்த முண்டுக் கிளை மாதிரிதான் தெரியும். இறக்கையின் முன் ஓரத்தில் சீப்புப் பல் போன்ற அமைப்பு இருப்பதால் தலைக்கு மேலே பறந்து போனாலும் சத்தம் கேட்காது. அது தானாகத் தன்னைக் காட்டிக்கொள்வது பெரும்பாலும் கூவும்போதுதான். அதனால் ஆந்தைக் கணக்கெடுப்பு பெருமளவு காதை நம்பிய வேலை.

எனக்கு நேரில் தெரிந்த ஒரு ஆந்தையை வைத்தே விளக்குகிறேன். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் இரண்டு பருவம் களப்பணி உதவியாளராக இருந்தேன். அதன் பிறகு ஒலிப்பதிவுகளைக் கேட்டுச் சரிபார்க்கும் வேலையும் செய்திருக்கிறேன். அங்கே நாங்கள் தேடியது வடக்குப் புள்ளி ஆந்தை. தமிழில் புள்ளி ஆந்தை என்றால் நம் ஊர்ப் புளியமரப் பொந்தில் குடியிருக்கும் சின்ன ஆந்தை நினைவுக்கு வரும். அது வேறு, இது வேறு. இது அரை மீட்டருக்குச் சற்றுக் குறைவான உயரம், அரைக் கிலோவுக்குச் சற்று மேல் எடை, மஞ்சள் கண் இல்லாமல் கறுத்த கண். வாஷிங்டன், ஆரிகன், வட கலிஃபோர்னியா ஆகிய பகுதிகளின் முதிர்ந்த டக்ளஸ் ஃபிர், ஹெம்லாக் என்ற ஊசியிலை மரக் காடுகளில் வாழ்வது. தானாகக் கூடு கட்டாது. பெருமரங்களின் பொந்திலோ, முறிந்துபோன உச்சியிலோ முட்டையிடும். முக்கிய இரை, இரவில் மரம் விட்டு மரம் சறுக்கும் பறக்கும் அணில். பழைய மரங்களை வெட்டினால் வீடும் போகும், சாப்பாடும் போகும்.

இந்த ஆந்தையை அறிவியல் உலகம் சரியாக அறிந்துகொண்டதே ஒரு குரலால்தான். 1969 கோடையில் எரிக் ஃபோர்ஸ்மன் என்ற மாணவர் வில்லமெட் தேசிய வனத்தில் ஒரு வனத்துறைக் காவல் குடிலில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மாலை, நாய் குரைப்பது போன்ற விநோதமான சத்தம் காட்டுக்குள்ளிருந்து வந்தது. அவர் அதே மாதிரி குரல் கொடுக்க, ஆந்தை முற்றத்துக்கே வந்துவிட்டது. அதுவரை ஒரு சிலர் மட்டுமே பார்த்திருந்த பறவை. பிறகு அவர் வாழ்நாள் முழுவதும் அதையே ஆராய்ந்தார். கூப்பிட்டால் பதில் சொல்லும், ஆளைக் கண்டு பயப்படாது என்ற இரண்டு குணங்களும் சேர்ந்துதான் அடுத்த நாற்பது ஆண்டுகளின் முறையைத் தீர்மானித்தன.

அந்த முறை பார்ப்பதற்கு எளிது. இருட்டிய பிறகு வனச்சாலை ஓரமாகக் குறித்து வைத்த இடங்களில் வண்டியை நிறுத்தி, இஞ்சினை அணைத்து, புள்ளி ஆந்தையின் குரலை ஒலிக்க வேண்டும். வாயால் கூவுவோரும் உண்டு, ஒலிபெருக்கிப் பெட்டியைப் பயன்படுத்துவோரும் உண்டு. ஓரிடத்தில் பத்து நிமிடம். கூப்பிடுவது கொஞ்சம், காத்திருந்து கேட்பது அதிகம். அதன் அடையாளக் கூவல் நான்கு ஒலி: முதலில் ஒன்று, சிறு இடைவெளி, அடுத்தடுத்து இரண்டு, கடைசியில் இழுத்து ஒன்று. 'ஹூ... ஹூ-ஹூ... ஹூஊ.' தன் எல்லைக்குள் வேறொரு ஆந்தை புகுந்துவிட்டதாக நினைத்து, அங்கே குடியிருக்கும் ஆந்தை பதில் கொடுக்கும். மழையிலும் பலத்த காற்றிலும் போகக் கூடாது. நமக்கும் கேட்காது, அதுவும் கூவாது.

இரவில் குரல் கேட்டால் வேலை முடிவதில்லை. மறுநாள் பகலில் அதே இடத்துக்கு நடந்து போக வேண்டும். இங்கே ஒரு காட்சியைச் சொல்ல வேண்டும். மே மாதம். கடற்கரை மலைத்தொடரில் ஒரு சரிவு. இடுப்பளவு பெரணிக்குள் வழுக்கி வழுக்கி இறங்கினோம். என்னோடு வந்த மூத்தவர் நின்று, மெதுவாக ஒரு முறை கூவினார். ஹெம்லாக் கிளையில் ஆண் ஆந்தை ஒன்று கண்ணைத் திறந்தது. அவர் பையிலிருந்த டப்பாவைத் திறந்து ஒரு வெள்ளைச் சுண்டெலியை விழுந்து கிடந்த மரத்தின் மேல் விட்டார். ஆந்தை கழுத்தை முன்னும் பின்னும் ஆட்டித் தூரத்தை அளந்தது. அடுத்த கணம் என் முழங்காலுக்கு இரண்டடி தள்ளி வந்து, எலியைத் தூக்கிக்கொண்டு போயிற்று. ஒரு இலை அசைந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. மூத்தவர் 'ஓடு!' என்றார்.

ஓட வேண்டிய காரணம் இது: ஆந்தை அந்த எலியை என்ன செய்கிறது என்பதுதான் தகவல். தானே விழுங்கினாலும், கிளை இடுக்கில் ஒளித்து வைத்தாலும், அந்த ஆண்டு குஞ்சு பொரிக்கவில்லை என்று கருத வழியுண்டு. அதற்காக ஒன்றோடு நிறுத்தாமல் அடுத்தடுத்து நான்கு எலி வரை கொடுத்துப் பார்ப்பது வழக்கம். எலியைப் பெண்ணிடம் கொண்டுபோனால் கூடு இருக்கிறது. அன்றைக்கு அது எங்கள் தலைக்கு மேலே சரிவு ஏறிப் பறந்து, ஒரு முறிந்த ஃபிர் மரத்தின் உச்சியில் இறங்கியது. உள்ளேயிருந்து பெண்ணின் மெல்லிய சீழ்க்கை கேட்டது. மூச்சு வாங்க நின்று கேட்ட அந்தச் சீழ்க்கையை நான் மறக்கப் போவதில்லை.

இதே ஆந்தைகளைப் பிடித்துக் காலில் நிற வளையம் மாட்டி விடுவார்கள். ஒரு பகுதியில் ஒரு பறவைக்கு ஒரு நிறக்கோலம். அடுத்த ஆண்டு தொலைநோக்கியில் காலைப் பார்த்தாலே போதும், மறுபடி பிடிக்க வேண்டாம். இப்படி ஆண்டுதோறும் யார் உயிரோடு இருக்கிறார்கள், யார் காணோம், யாருக்கு எத்தனை குஞ்சு என்று பேரேடு எழுதி வந்தார்கள். 1990-இல் இந்த ஆந்தை அமெரிக்க அழிநிலை உயிரினச் சட்டத்தின் கீழ் அச்சுறுத்தலுக்குள்ளான இனமாக அறிவிக்கப்பட்டது. 1994-இல் வடமேற்கு வனத் திட்டம் வந்து, ஏறக்குறைய ஒரு கோடி ஹெக்டேர் மத்திய அரசு நிலத்தில் மரம் வெட்டும் முறையே மாறியது. எத்தனையோ சிற்றூர்களின் பிழைப்பைத் தொட்ட முடிவு அது. அப்படிப்பட்ட முடிவுக்கு ஆதாரம் துல்லியமாக இருந்தாக வேண்டும். வளையம் மாட்டிய பேரேடுதான் அந்த ஆதாரத்தைத் தொடர்ந்து கொடுத்தது. 2021-இல் வெளியான ஆய்வு 11 பகுதிகளின் 26 ஆண்டுத் தரவை ஒன்றாகக் கோத்தது. அதன்படி ஆறு பகுதிகளில் ஆண்டுக்கு 6 முதல் 9 விழுக்காடு வரையும், மற்ற ஐந்தில் 2 முதல் 5 விழுக்காடு வரையும் ஆந்தைகள் குறைந்துகொண்டே வந்திருந்தன. ஏழு பகுதிகளில் 1995-இல் இருந்ததில் 35 விழுக்காடோ அதற்கும் குறைவோதான் மிச்சம்.

இனி, இந்த வேலையின் மிகக் கடினமான இடத்துக்கு வருகிறேன். ஆந்தை இருக்கிறது என்று சொல்ல ஒரு கூவல் போதும். இல்லை என்று சொல்ல என்ன வேண்டும்? நாம் போன அன்று அது வாய் திறக்காமல் இருந்திருக்கலாம், மலையின் அந்தப் பக்கம் வேட்டையில் இருந்திருக்கலாம். 'கேட்கவில்லை' என்பதும் 'இல்லை' என்பதும் ஒன்றல்ல. இதைப் புரியவைக்க ஒரு கற்பனைக் கணக்கு. ஆந்தை இருக்கும் இடத்துக்குப் போனால், ஓர் இரவில் அதைக் கேட்கும் வாய்ப்பு பத்துக்கு நான்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். தவறவிடும் வாய்ப்பு பத்துக்கு ஆறு. மூன்று இரவும் தவறவிடும் வாய்ப்பு 0.6-ஐ மூன்று முறை பெருக்கினால் வரும்: நூற்றுக்கு 22 அளவில். ஆறு இரவு போனால் நூற்றுக்கு 5-க்கும் கீழே இறங்கிவிடும். ஆக, ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போய், எத்தனை தடவை கேட்டது, எத்தனை தடவை கேட்கவில்லை என்ற வரிசையிலிருந்து அந்தக் 'கேட்கும் வாய்ப்பை'யே கணக்கிட்டு எடுக்கலாம். அதைக் கொண்டு, கேட்காமல் விட்டுப்போன இடங்களையும் சேர்த்து, உண்மையில் எத்தனை இடங்களில் ஆந்தை குடியிருக்கும் என்று மதிப்பிடலாம். இன்றைய கண்காணிப்பு முழுவதும் இந்த ஒரு கருத்தின் மேல் நிற்கிறது.

இப்போது அந்த நான்கை இரண்டாகக் குறையுங்கள். ஆறு இரவு போனாலும் தவறவிடும் வாய்ப்பு நூற்றுக்கு 26. முன்பு மூன்று இரவில் கிடைத்த நம்பிக்கைகூட இப்போது ஆறு இரவில் கிடைக்காது. கிட்டத்தட்ட இப்படித்தான் நடந்தது. காரணம், வரி ஆந்தை.

வரி ஆந்தை அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக்குரியது. இருபதாம் நூற்றாண்டில் மேற்கு நோக்கிப் பரவி, 1970-களில் ஆரிகனுக்குள் வந்து சேர்ந்தது. புள்ளி ஆந்தையின் நெருங்கிய உறவு. ஆனால் கொஞ்சம் பெரியது, முரட்டுத்தனம் அதிகம். அணில் மட்டுமில்லை, தவளை, நன்னீர் இறால், பூச்சி என்று எதையும் தின்னும். அதனால் அதற்குச் சிறிய எல்லை போதும், ஒரே காட்டில் நெருக்கமாகக் குடியேறிவிடும். அது வந்த இடத்தில் புள்ளி ஆந்தை துரத்தப்பட்டது. துரத்தப்படாமல் தங்கிய ஆந்தைகள் வாயை மூடிக்கொண்டன. கூவினால் வரி ஆந்தை வந்து தாக்கும் என்று அவற்றுக்குத் தெரிந்துவிட்டது. நாம் போய்ப் புள்ளி ஆந்தைக் குரலில் கூப்பிட்டால் என்ன ஆகும்? நாம் தேடுவது மௌனமாக இருக்கும்; பதில் கொடுத்தால் அடி வாங்கும் ஆபத்தும் அதற்கு நாம் உண்டாக்கியதாகும். முன்பு ஆண்டுக்கு மூன்று தடவை போனால் போதும் என்றிருந்ததை, 2012-இல் திருத்தி வெளியிட்ட அரசு நடைமுறை ஆண்டுக்கு ஆறு தடவை, இரண்டு ஆண்டு என்று ஆக்கியதற்குப் பின்னால் இருப்பது இந்த மௌனம்தான்.

தடவைகளைக் கூட்டிக்கொண்டே போகலாம். ஆனால் பயந்து ஒடுங்கியிருக்கும் பறவையை மேலும் மேலும் கூப்பிடுவது சரியான வழி இல்லை என்பதே என் உறுதியான எண்ணம். கூப்பிடாமல், சும்மா கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். மனிதர் இரவெல்லாம் காட்டில் உட்கார முடியாது, கருவி உட்காரும். கார்வாலிஸ் நகரில் இருக்கும் அமெரிக்க வனத்துறை ஆய்வு நிலையத்தில் டேமன் லெஸ்மைஸ்டர் குழுவினர் 2017 முதல் இதைப் பெரிய அளவில் செய்து காட்டினார்கள். நிலத்தை 5 சதுர கிலோமீட்டர் அறுகோணக் கட்டங்களாகப் பிரித்து, அவற்றில் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த கட்டங்களில் நான்கு தானியங்கி ஒலிப்பதிவுக் கருவிகளை ஏறக்குறைய ஆறு வாரம் கட்டி வைப்பார்கள்.

கட்டுவதில் சின்னச் சின்ன நுணுக்கங்கள் உண்டு. பெருமரத்தில் கட்டக் கூடாது, தண்டே பாதிக் காட்டை மறைத்துவிடும். கருவியின் இரு பக்கமும் காது மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் மைக்குகள் தண்டைத் தாண்டி வெளியே இருக்க வேண்டும். ஒரு சாண் குறுக்களவுள்ள மரம் போதும். ஓடைக்கு அருகில் கூடாது, நீரோட்டத்தின் இரைச்சல் எல்லாவற்றையும் மூழ்கடிக்கும். பள்ளத்தாக்கின் அடியில் கூடாது. சரிவின் நடுவிலோ மேலேயோ இருந்தால் ஒலி நன்றாக வரும். சாலையை விட்டுத் தள்ளி இருக்க வேண்டும். ஒன்றுக்கொன்று அரைக் கிலோமீட்டராவது இடைவெளி வேண்டும். சூரியன் மறையும் வேளையிலும் உதிக்கும் வேளையிலும் நான்கு நான்கு மணி நேரம், மற்ற வேளைகளில் மணிக்குப் பத்து நிமிடம் என்று கருவி தானாகவே விழித்துப் பதிவு செய்யும். நாளொன்றுக்குச் சுமார் 11 மணி நேரம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கு கருவி, 42 நாள், நாளுக்கு 11 மணி: ஒரு கட்டத்துக்கு மட்டும் 1,800 மணி நேரத்துக்கு மேல். கட்டங்களோ நூற்றுக்கணக்கில். யார் கேட்பது? இங்கேதான் கணினி வருகிறது. ஒலியை 12 விநாடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் படமாக மாற்றுவார்கள். ஸ்பெக்ட்ரோகிராம் என்பது அந்தப் படம்: இடமிருந்து வலம் நேரம், கீழிருந்து மேல் சுருதி, சத்தம் கூடக்கூட அடர்த்தி. அந்தப் படங்களில் ஆந்தையின் கூவலை அடையாளம் காண நரம்பியல் வலையமைப்பு ஒன்றை, அதாவது மாதிரிகளைக் காட்டிக் காட்டிக் கற்பிக்கும் கணினி நிரலை, பழக்கினார்கள். முதலில் புள்ளி ஆந்தை, வரி ஆந்தை, பெருங்கொம்பு ஆந்தை உட்பட ஆறு ஆந்தை இனங்களுக்கு மட்டும். அடுத்தடுத்த பதிப்புகளில் மற்ற பறவைகள், அணில், நாய், துப்பாக்கிச் சத்தம் என்று நூற்றுக்கு மேற்பட்ட ஒலிகளுக்கு. அதே காலத்தில் கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலைகளில் கார்னெல் பல்கலைக்கழகத்தினரும் அவர்களோடு சேர்ந்தவர்களும் பேர்ட்நெட் என்ற மென்பொருளை வைத்து இதே போன்ற வேலையைத் தொடங்கினார்கள்.

கணினி 'இது புள்ளி ஆந்தையாக இருக்கலாம்' என்று எடுத்துக் கொடுக்கும் துண்டுகளை மனிதர் பார்த்துக் கேட்டு உறுதி செய்யும் வரை எதுவும் தரவாகாது. அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கிறேன். திரையின் கீழ்ப்பகுதியில் நான்கு சிறு கோடுகள், நான்காவது லேசாக வளைந்து. பின்னணியில் மழை செங்குத்துக் கீறல்களாக விழும். தூரத்து நாய்க் குரைப்பும், காட்டுப் புறாவின் முனகலும் பார்வைக்கு அச்சாக ஆந்தை மாதிரியே இருக்கும். காதில் கேட்டால்தான் வேறுபாடு புரியும். ஒருநாள் மிகத் தெளிவான நான்கு ஒலிக் கூவல் வந்தது. மகிழ்ச்சியோடு குறித்தேன். அடுத்த துண்டிலும் அதே. அதற்கடுத்ததிலும். மூன்று படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது ஒலிகளுக்கு இடையிலான இடைவெளி மயிரிழைகூட மாறவில்லை. உயிருள்ள எந்தப் பறவையும் அப்படிக் கூவாது. வேறொரு கணக்கெடுப்புக் குழு அந்தச் சாலையில் நின்று ஒலிபெருக்கியில் கூப்பிட்டிருக்கிறது. எங்கள் கருவி அதைப் பதிந்து வைத்திருக்கிறது. இதைப் பிரித்தெடுக்காமல் விட்டால் காலியாகிப்போன காட்டில் ஆந்தை வாழ்வதாகத் தாளில் ஏறிவிடும். அதற்குப் பிறகு தனியாக ஒரு தெளிவான கூவல் வந்தால், முன்னும் பின்னும் பத்து நிமிடம் கேட்காமல் நான் குறித்ததில்லை.

ஒலிப்பதிவால் இன்னொரு பலனும் கிடைத்தது. புள்ளி ஆந்தையில் பெண்ணின் சுருதி ஆணைவிடச் சற்று உயர்ந்தது. நான்கு ஒலிக் கூவலின் சுருதியை அளந்து ஆண், பெண் பிரித்துவிடலாம். ஒரே இடத்தில் இரண்டும் திரும்பத் திரும்பக் கேட்டால் ஜோடி இருக்கக்கூடும். கூப்பிட்டால் வாய் திறக்காத ஆந்தைகள் தம் துணையோடு பேசிக்கொள்ளும்போது கருவியில் சிக்குகின்றன. ஆறு வாரம் இரவும் பகலும் கேட்பதால், ஓர் இரவில் தவறவிடும் வாய்ப்பு எவ்வளவு அதிகமாக இருந்தாலும் மொத்தத்தில் அது கரைந்துபோகிறது. வரி ஆந்தை எங்கெங்கே பரவியிருக்கிறது என்பதும் அதே பதிவிலேயே வந்துவிடுகிறது.

ஆனால் இழந்ததும் உண்டு, அதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். கருவிக்கு வளையம் தெரியாது. இந்த ஆண்டு கூவிய ஆண் போன ஆண்டு கூவியதேதானா, அது செத்து வேறொன்று வந்ததா என்று அது சொல்லாது. எத்தனை குஞ்சு தேறியது என்று சொல்லாது. 'எத்தனை பறவை, எவ்வளவு காலம் வாழ்கிறது' என்ற கேள்வியிலிருந்து 'எத்தனை கட்டங்களில் குரல் கேட்கிறது' என்ற கேள்விக்கு மாறியிருக்கிறோம். வளையம் மாட்டிய பேரேடு இல்லாதிருந்தால் வீழ்ச்சி எவ்வளவு வேகம் என்று தெரிந்திருக்காது. எனக்கு அந்த முறை மேல் பெரிய மரியாதை உண்டு. இன்றைய நிலையில் கருவிதான் சரி என்றும் நம்புகிறேன். ஆந்தை அருகிப்போன காட்டில் பிடித்து வளையம் மாட்டப் போதிய பறவையே கிடைப்பதில்லை என்பது இதில் வேதனையான காரணம்.

ஐரோப்பாவில் வேறு வழி ஒன்று பெரிய அளவில் நடக்கிறது: கூட்டுப்பெட்டி. இங்கிலாந்தின் வடக்கே கீல்டர் காட்டில் பழுப்பு ஆந்தைகள் மரப்பெட்டிகளில் விருப்பத்தோடு முட்டையிடும். ஆண்டுதோறும் பெட்டியைத் திறந்து பார்த்து, தாய்க்கும் குஞ்சுகளுக்கும் வளையம் மாட்டிவிடலாம். பெட்டியை ஏற்கும் இனத்துக்கு அதைவிட நல்ல முறை இல்லை. பெருமரப் பொந்தையும் முறிந்த உச்சியையும் நம்பி வாழும் புள்ளி ஆந்தைக்கு அது உதவாது.

நாயையும் சொல்லாமல் விட முடியாது. ஆந்தை செரிக்காத எலும்பையும் மயிரையும் உருண்டையாகக் கக்கும்; அது அமரும் மரத்தடியில் கிடக்கும். வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு ஒன்று பயிற்சி பெற்ற மோப்ப நாய்களை வட கலிஃபோர்னியாவில் அவிழ்த்துவிட்டு, கிடைத்த உருண்டைகளின் மேல் ஒட்டியிருந்த டி.என்.ஏ.வை வைத்துப் புள்ளி ஆந்தையா வரி ஆந்தையா என்று பிரித்தது. 2012-இல் வெளியான முடிவில், மூன்று தடவை நாயோடு போனதில் கண்டறியும் வாய்ப்பு 87 விழுக்காடு. ஆறு தடவை கூவிக் கூப்பிட்டதில் 59. வாயை மூடிக்கொண்ட ஆந்தையும் உருண்டை கக்கத்தானே வேண்டும். பெரும் பரப்புக்கு நாய்களைக் கொண்டு ஈடுகொடுக்க முடியாது. ஒரு குறிப்பிட்ட காட்டில் வெட்டலாமா கூடாதா என்று தீர்மானிக்கும் முன் நாயைக் கூட்டிப் போவதை நான் ஆதரிப்பேன்.

இவ்வளவு பாடுபட்டு அளப்பது எதற்கு என்றால், அளவை வைத்துத்தான் அடுத்த முடிவு வருகிறது. ஐந்து பகுதிகளில் 2,485 வரி ஆந்தைகளை அகற்றிப் பார்த்த சோதனையின் முடிவு 2021-இல் வந்தது. அகற்றிய இடங்களில் புள்ளி ஆந்தையின் எண்ணிக்கை ஆண்டுக்கு 0.2 விழுக்காடு சரிவோடு கிட்டத்தட்ட நிலைத்து நின்றது. அகற்றாத இடங்களில் ஆண்டுக்கு 12.1 விழுக்காடு சரிந்தது. இதை அடிப்படையாக வைத்து 2024-இல் அமெரிக்க மீன், வனவிலங்குத் துறை, முப்பது ஆண்டுகளில் சுமார் நான்கரை லட்சம் வரி ஆந்தைகள் வரை சுட இடம் தரும் திட்டத்தை ஏற்றது. ஓர் ஆந்தையைக் காக்க இன்னோர் ஆந்தையைச் சுடுவதா என்ற கேள்வி என்னையும் வாட்டுகிறது. வரி ஆந்தையின் கூவலும் எனக்குப் பிடித்த குரல்தான். ஆனால் விட்டுவிட்டால் என்ன நடக்கும் என்பதை 12.1 என்ற எண் சொல்லிவிட்டது. அதை அறிந்தபின் சும்மா இருப்பதும் ஒரு முடிவுதான் என்பதால் நான் அகற்றுவதன் பக்கம் நிற்கிறேன்.

சியரா நெவாடாவில் வரி ஆந்தை குறைவாக இருந்தபோதே அகற்றத் தொடங்கினார்கள். ஒலிப்பதிவு அது எங்கே நுழைந்திருக்கிறது என்று முன்கூட்டியே காட்டியது அதற்கு உதவியது. அகற்றிய எல்லைகளில் பாதிக்கு மேற்பட்ட இடங்களுக்கு ஓராண்டுக்குள்ளேயே புள்ளி ஆந்தைகள் திரும்பி வந்தன. அவை பக்கத்திலேயே எங்கோ ஒடுங்கி, குரல் காட்டாமல் காத்திருந்திருக்க வேண்டும்.